மீன் தொட்டிக்குப் பூக் கேட்டோம்

எங்கள் வீட்டில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. கிணறு வெட்ட, தோட்டம் வாங்க, பட்டறைக் கூரையை மாற்ற, பெண் எடுக்க, பெண் கொடுக்க, எல்லாவற்றுக்கும் குலதெய்வத்தின் முன்னால் போய் நிற்போம். ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றி, எது எதுவென்று தெரியாதபடி சாமியின் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. அப்படியே கிணற்றில் போட்டுவிட்டு வர வேண்டும்.

அந்த விவரம் தெரியாத குழந்தை நான்தான். ஆர்.எஸ்.புரத்தில் இருந்த எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு அப்போது இருந்த ஒரே சிறுசு நான். என் கையில் ராசி இருப்பதாகப் பெரியப்பா சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ தலைகால் புரியாது. வகுப்பில் யாராவது இரண்டு மிட்டாயைக் கைக்குள் மறைத்துக்கொண்டு எந்தக் கை என்று கேட்டால்கூடக் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

பூக் கேட்பதில் பக்தி எவ்வளவு, வசதி எவ்வளவு என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல வாய் வராது. சம்பந்தம் பேச வந்தவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று மல்லுக்கட்டி, கடைசியில் வாசல்வரை போய், சாமி உத்தரவு தரவில்லை, நாங்கள் என்ன செய்வது என்பார்கள். வந்தவரும் அதற்கென்னங்க என்று வண்டியேறிப் போவார். யாருக்கும் யார்மேலும் மனத்தாங்கல் கிடையாது. பழி முழுவதும் சாமிக்கு.

அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு பெரியப்பா தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லை என்பதால் அத்தைதான் அவருக்கு எல்லாம். கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தவளுக்கு வந்த வரன்களை எல்லாம் பெரியப்பா ஏதோ ஒரு குறை சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார். அப்போதுதான் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒருவர் பெண் பார்க்க வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் மேட்டுக்காடு, ஓட்டு வீடு, நாலு மாடு. தட்டில் வைத்த மிக்சரைத் தொடாமல், மேலே படிக்க ஆசை இருக்கிறதா என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார். அதற்கு முன் வந்தவர்கள் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் அத்தை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னல் கோணலாக வந்தது.

பெரியப்பாவுக்கு மனசாகவில்லை. அந்த வெயிலில், மழையில்லாத காட்டில் நம் அம்மணி போய் வாடிப்போய்விடும் என்று அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டேன். அப்பா பெரியப்பாவின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதவர். சரி, சாமி என்ன சொல்கிறதோ பார்ப்போம் என்று முடிந்தது.

வீட்டுச் செடியிலிருந்து வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று அத்தையே பறித்து ஈரத்துணியில் வைத்துக் கொடுத்தாள். கோயிலில் பெரியப்பா தூணுக்குப் பின்னால் போய் மடித்துக்கொண்டு வந்தார். நான் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்தேன். சிவப்பு. அத்தை முன்னால் போய்ப் பட்டறை வேனில் ஏறிக்கொண்டாள். திரும்பி வரும்போது வேனுக்குள், பெரியப்பா துண்டைப் போட்டிருந்த இடத்தில் ஒரு வாடின வெள்ளரளி கிடந்தது. நான் அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தேன். அத்தை என் கையிலிருந்து வாங்கி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது. என் கைதான் சிவப்பை எடுத்துவிட்டது, அதனால்தான் அத்தை பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அத்தை பாட்டும் பாடவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பட்டறை வேலையாகச் சென்னைக்குப் போனவர் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார். அம்மணிக்குப் பொழுது போகட்டும் என்றார். சாதாரண மீன் தொட்டி வைத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பெரியப்பா வைக்கப்போனது கடல் மீன் தொட்டி. கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போக வேண்டிய ஊரில், பட்டறை வேன் கோழிக்கோட்டுக்குப் போய்க் கேன் கேனாக உப்புத்தண்ணீரை ஏற்றிக்கொண்டு வந்தது. சிறுவாணித் தண்ணீரை வைத்துக்கொண்டு இந்தக் கூத்து எதற்கு என்று அம்மாவும் பெரியம்மாவும் அடுப்படியில் சிரித்தார்கள்.

தொட்டியும் மீனும் விற்ற சென்னைக் கடைக்காரர் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார். முதலில் எதையும் தாங்குகிற மீனாக நாலைந்து விட்டுப் பாருங்கள், தண்ணீர் பழகட்டும், அப்புறம் மற்றதை வாங்கலாம் என்று. பெரியப்பாவுக்கு அந்தத் தாங்குகிற மீன்களைப் பிடிக்கவில்லை. கடையிலேயே பூஞ்சையான, ஒன்றும் தாங்காத மீன் எதுவோ அதைப் பார்த்துத்தான் அவர் மனசு போனது. வெள்ளை உடம்பில் மஞ்சள் பட்டையும் நீண்ட மூக்குமாக ஒரு வண்ணத்துப்பூச்சி மீன். அது பவளப்பாறை இடுக்கில் பொறுக்கித் தின்று பழகியது, தொட்டியில் பெரும்பாலும் சாப்பிடாமலே செத்துப்போகும் என்று கடைக்காரர் எச்சரித்ததும் பெரியப்பாவுக்கு ஆசை அதிகமானது. நாம் பார்த்துக்கொள்கிற மாதிரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்றாராம். அதோடு ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. அவை குடியிருக்க ஒரு கடல் சாமந்தி.

கடல் சாமந்தி பெயருக்குத்தான் பூ. பாறையில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக ஆடுகிற உயிர். கோமாளிகள் இரண்டும் அதற்குள்ளேயே புரண்டு கொண்டிருக்கும், வேறு மீன் தொட்டால் சாமந்தி கொட்டிவிடும். அத்தைக்கு அதன்மேல்தான் உயிர். உக்கடத்திலிருந்து இறால் வரவழைத்து, உளுந்தளவு நறுக்கி, நீளக் குச்சியில் குத்தி அதன் நடுவில் வைப்பாள். அது விரல்களை மெதுவாக மூடி வாங்கிக்கொள்ளும். அத்தை அப்போது மட்டும் சிரிப்பாள். சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பெரியப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்ணத்துப்பூச்சி மீன்தான் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்த உயிர் சாப்பிடாமல் இருப்பதென்பது எங்கள் வீட்டில் யாராலும் தாங்க முடியாத விஷயம். பெரியம்மா போகும்போதும் வரும்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு வாய் தின்னு கண்ணு என்று கெஞ்சிவிட்டுப் போவாள்.

ஒருநாள் காலையில் அதன் உடம்பில் ரவை தூவினதுபோல் வெள்ளைப் புள்ளிகள். சாயங்காலத்துக்குள் கோமாளிகளுக்கும் வந்துவிட்டது. மீன்கள் பாறையில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டன. அம்மா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மை போட்டிருக்கிறது. அன்றைக்கே தொட்டியின் நாலு மூலையிலும் வேப்பிலைக் கொத்து ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. கறி மீன் சமைக்கக் கூடாது என்றாள். மீனுக்கு அம்மை போட்டால் மீன் குழம்பு வைக்கக் கூடாதா என்று அப்பா கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால் கொஞ்ச நாளில் புள்ளிகள் எல்லாம் உதிர்ந்துபோயின. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்து, மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அந்த வாசனை அடங்குவதற்குள் புள்ளி திரும்பி வந்தது. இந்தத் தடவை ரவை இல்லை, அரிசி மாவையே பூசினதுபோல் வந்தது. கோமாளிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. பெரியப்பா சென்னைக்கு எஸ்.டி.டி. போன் போட்டார்.

கடைக்காரர் விளக்கியது இதுதான். புள்ளி உதிர்ந்தது நோய் தீர்ந்ததால் அல்ல. அந்தக் கிருமி மீனை விட்டு இறங்கித் தரையில் குட்டி போட்டு, பல மடங்காகத் திரும்பி ஏறும். அதற்கு மருந்து மயில்துத்தம். எங்கள் தோட்டத்தில் திராட்சைக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிற அதே நீலக் கல். பெரியப்பா அவ்வளவுதானா என்று துள்ளி எழுந்தார். ஆனால் மயில்துத்தம் தொட்டிக்குள் விழுந்தால் மீன் பிழைக்கும், கடல் சாமந்தி செத்துப்போகும். வேண்டுமானால் மீன்களைப் பிடித்து வேறு தொட்டியில் விட்டு அங்கே மருந்து போடலாம். மீனில்லாத பெரிய தொட்டியில் கிருமி பட்டினி கிடந்து தானே அழியும். என்ன, பிடிக்கிற அதிர்ச்சியிலேயே பூஞ்சை மீன் போய்விடக்கூடும்.

பெரியப்பா பெரிய தொட்டியிலேயே போட்டுவிடலாம் என்றார். வலையைப் போட்டு அலைக்கழித்தால் மீன் தாங்காது, கடல் சாமந்தி போனால் இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்றார். அத்தை அந்த வீட்டில் முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினாள். அதுவும் உயிர்தான், அதைக் கொன்றுவிட்டு அதற்குள் குடியிருக்கிற மீனை எங்கே விடுவீர்கள் என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பெரியப்பா தொட்டிக்குள் கையை விட்டுப் பாறையை நகர்த்திக்கொண்டு நின்றார். அவருக்கும் முடியாது என்று சொல்ல வாய் வராதே. சாமியைக் கேட்டுவிடலாம் என்றார். வெள்ளை வந்தால் மீனை வெளியே எடுக்கலாம். சிவப்பு வந்தால் மருந்தைத் தொட்டியிலேயே போடுவது.

அவர் கை இரண்டும் முழங்கைவரை உப்புத்தண்ணீரில் இருந்தன. அதனால் அத்தையிடமே மடித்துக்கொண்டு வரச் சொன்னார். அத்தை பின்பக்கம் போய்ப் பறித்து, வாழை இலைத் துண்டில் மடித்து, பூஜை அறையில் குலதெய்வப் படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் போன தடவை செய்த பாவத்துக்கு இந்தத் தடவையாவது வெள்ளையைக் கொடு சாமி என்று கெஞ்சிவிட்டு எடுத்தேன். வெள்ளை.

நான் குதித்த குதியில் விளக்கு அணையப் பார்த்தது. மிச்சப் பொட்டலத்தை எடுத்துப் பெரியப்பா கையில் கொடுத்தேன். ஈரக் கை பட்டு நூல் நெகிழ்ந்து, இலை ஒரு ஓரத்தில் விலகியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனியவில்லை.

"பிரிச்சுப் பாக்கறதுன்னாப் பாருங்கண்ணா," என்றாள். "அன்னைக்குக் கோயில்லதான் பிரிக்காம உட்டுப்போட்டோம்."

பெரியப்பாவின் முகம் என்னவோ ஆகிவிட்டது. பட்டறையில் யாருக்காவது கை நசுங்கினால் அப்படித்தான் ஆகும். இலையை மூடி, நூலை இறுக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் அம்மணி. வலைய எடுத்துட்டு வா."

மீன்களை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினார்கள். அத்தை மயில்துத்தத்தைத் துளியாக நிறுத்துப் பாட்டிலில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். கல்லூரியில் படித்தது இதற்காவது உதவியது என்றாள். வண்ணத்துப்பூச்சி மீன் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பெரியப்பா அதைத் தானே எடுத்துப் போய் மாமரத்தடியில் புதைத்தார். சாப்பிடாத பிள்ளையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு என் வீம்புக்குக் கொன்றுவிட்டேன் என்று பெரியம்மாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மீனுக்காகப் பெரியப்பா அழுததை நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். கோமாளிகள் பிழைத்துக்கொண்டன. புள்ளி முழுக்கப் போய், இன்னும் சில வாரம் பொறுத்து, பெரிய தொட்டிக்குத் திரும்பி விட்டோம். இரண்டும் ஒரு மூலையில் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு நின்றன. பிறகு நேராகப் போய் அந்தக் கடல் சாமந்திக்குள் புகுந்துகொண்டன. பெரியப்பா அன்றைக்குச் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு, அந்தக் காங்கேயத்து வாத்தியாருக்கு வேறு இடம் முடிவாகிவிட்டதா என்று விசாரிக்கச் சொன்னார். ஆகவில்லை. சாமி வேண்டாம் என்று சொன்ன இடத்தை மறுபடி எடுப்பதா என்று அம்மா பயந்தாள். இன்னொரு தடவை கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது என்றார் பெரியப்பா. மறுபடியும் வேன், மறுபடியும் கோயில். தூணுக்கு அருகில் போனதும் பூக்களையும் இலையையும் நூலையும் அத்தையிடம் நீட்டினார்.

"இந்தத் தடவ நீயே மடிச்சுக் குடு கண்ணு."

அத்தை வாங்கிக்கொண்டதும் அவர் சாமி பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தார். அதைப் பார்த்துவிட்டு அத்தை தூணுக்குப் பின்னால் போனாள். மடித்துக்கொண்டு வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. பெரியப்பா மட்டும் அப்போதும் வெகு நிம்மதியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். இடது பக்கத்துப் பொட்டலத்தின்மேல் ஒரு கட்டெறும்பு ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு எறும்பென்றால் பயம். கையை இழுத்து, வலது பக்கத்தை எடுத்தேன். வெள்ளை.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வெள்ளை வந்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்குப் புரியவில்லை. மிச்சப் பொட்டலத்தை எறும்போடு சேர்த்து நானே கிணற்றில் போட்டேன்.

கல்யாணம் ஆகி, மேலே படித்து, அந்த வெயில் காட்டில் இருந்துகொண்டே பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டாள் அத்தை. ஒன்றும் வாடிப்போகவில்லை, என்னைவிடக் கெட்டியாக இருக்கிறாள். பெரியப்பாவின் காரியத்துக்கு வந்திருந்தபோதுதான் இருவரும் தனியாகப் பேசினோம். வேனில் கிடந்த அந்த வெள்ளைப் பூவைப் பற்றி நான் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. தான் பறித்துக் கொடுத்த வெள்ளையைத் துண்டில் வைத்துக்கொண்டு, கோயில் செடியிலிருந்து இன்னொரு சிவப்பைப் பறித்து அண்ணன் இரண்டையும் சிவப்பாகவே மடித்துவிட்டார் என்று அந்தப் பூவைப் பார்த்ததும் புரிந்ததாம். மீனுக்கு மடித்தபோது தானும் இரண்டையும் வெள்ளையாக மடித்தாளாம். அண்ணனிடம் கற்றதுதான் என்று சிரித்தாள்.

ஆக, என் கை ராசி இவ்வளவுதான். முதல் தடவை எதை எடுத்திருந்தாலும் சிவப்பு, இரண்டாம் தடவை எதை எடுத்திருந்தாலும் வெள்ளை. கல்யாணத்துக்கு மடித்தபோதும் இரண்டும் வெள்ளைதானே என்று நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அத்தை சிரிக்கவில்லை.

"இல்ல கண்ணு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கும்னு நெனச்சுத்தான் அண்ணன் இலைய எங்கையில குடுத்தாரு. என்னைய நம்பிக் கும்புட்டுட்டு நின்னவரப் பாத்ததுக்கப்புறம் ஏமாத்த மனசு வரல."

சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் என் கை தானாக மடிக்குள் போய்விட்டது. உன் கையால் வந்த வாழ்க்கை என்று அவள் என் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். எறும்பைப் பற்றி நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.